சாட்சிக்கு வந்த அப்பா

சோபாவைப் பிரிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பழைய துணியை உரித்து, ஆணிகளைப் பிடுங்கி, ஸ்பஞ்சை ஒரு மூலையில் குவித்து, ஸ்பிரிங்கெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி வெறும் மரச்சட்டமாக நிறுத்திவிட்டுத்தான் நிமிர்வேன். திரும்ப மூடச் சொன்னால்தான் சிக்கல். இருக்கையைத் தாங்கும் நாடாவைப் பாதி இழுத்துக் கட்டியதும் பக்கத்தில் நிற்கும் நாற்காலி கண்ணில் படும். அதன் ஒரு கால் ஏன் ஆடுகிறது என்று பார்க்கக் குனிவேன். நிமிரும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். நாற்காலியும் பிரிந்து கிடக்கும்.

பட்டறைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் தங்கள் சோபாவை அடையாளம் தெரியாமல் தேடுவார்கள். ஒருவர் தன்னுடைய சோபாவைப் பார்த்துவிட்டு, உட்கார இடமில்லாமல், பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளியம்மா அவரிடம், "ரெண்டே நாள் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். சொல்லும்போது பார்வை மட்டும் என் மேல் இருந்தது. அந்தப் பார்வையில், துணியைச் சட்டத்தோடு அடிக்கிற ஸ்டேப்ளரே இருந்தது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத காலமும் ஒன்று இருந்தது. போன வருஷம் மழை தொடங்கியபோது நான் கட்டிலை விட்டு எழுந்திருப்பதை நிறுத்திவிட்டேன். முடிவெடுத்து நிறுத்தவில்லை. இன்றைக்கு முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தது. பிறகு நாளை என்கிற யோசனையே வரவில்லை. பல் தேய்ப்பது பெரிய வேலையாகத் தெரிந்தது. போன் அடித்தால் அது யாருக்கோ அடிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பா வாரம் தவறாமல் வருவார். ஒன்றும் கேட்க மாட்டார். ஜன்னலைத் திறப்பார், பாத்திரம் கழுவுவார், கொஞ்ச நேரம் செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பார், போய்விடுவார்.

கடைசியில் முதலாளியம்மாதான் ஒரு நாள் நேரே வீட்டுக்கு வந்தார். "எழுந்திரு, குளி, துணி மாத்து" என்றெல்லாம் சொல்லவில்லை. "செருப்பை மட்டும் போடு. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அப்படியே இழுத்துக்கொண்டு போய் மனநல மருத்துவரின் அறை வாசலில் உட்கார வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று இருக்கிறேன். அவரும் குறை வைப்பதில்லை.

மருத்துவர் என்னைப் போலவே ஒரு பெண், என் வயதுக்காரர். நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவார், தாளைப் பார்க்கவே மாட்டார். கையெழுத்து என்ன லட்சணத்தில் இருக்குமோ தெரியாது. மன அழுத்தம் என்றார், மாத்திரை கொடுத்தார், பேச வைத்தார். மெல்ல மெல்லப் பசி வந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு, எங்கிருந்தோ, சிரிப்பும் வந்தது. நான் பட்டறைக்குத் திரும்பினேன். திரும்பிய அன்றே இரண்டு சோபாவைப் பிரித்துப் போட்டேன்.

மூடத்தான் முடியவில்லை. பழைய கதையேதான்.

அடுத்த தடவை போனபோது நானே சொன்னேன். "மனசு தேறிடுச்சு டாக்டர். இப்ப பாக்கி இருக்கிறது வெறும் சோம்பேறித்தனம். அதுக்கு மாத்திரை ஏதாவது இருக்கா?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சோம்பேறித்தனம்னு யார் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"நீங்க?"

"நான்தான் முதல் ஆள்."

அதன் பிறகுதான் சோதனைகள் தொடங்கின. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, திரையில் ஒரு குறிப்பிட்ட வடிவம் வரும்போது மட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வடிவங்கள் வந்தன, போயின, வந்தன. எனக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி உறுத்தியது. இருக்கையின் அடியில் நாடா தளர்ந்திருக்கிறது என்று இடுப்பே சொல்லிவிட்டது. சோதனை முடிந்ததா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. மருத்துவர் கதவைத் திறந்தபோது நாற்காலி தலைகீழாகக் கிடந்தது, நான் தரையில் மண்டியிட்டு அதன் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"சோதனை எப்படிப் போச்சு?" என்றார்.

"நாற்காலி ஃபெயில்" என்றேன்.

அன்று அவர் எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். "மன அழுத்தம் இருக்கும்போது யாருக்குமே கவனம் நிக்காது. அது விலகினா கவனமும் திரும்பி வரணும். உங்களுக்கு வரலை. ரெண்டுல ஒண்ணு இருக்கலாம். மன அழுத்தம் இன்னும் முழுசாப் போகாம ஒளிஞ்சிட்டிருக்கலாம். இல்லன்னா, கவனக் குறைபாடு சின்ன வயசுலேருந்தே இருந்து, இத்தனை வருஷம் அதோட மல்லுக்கட்டின களைப்புல மன அழுத்தம் வந்திருக்கலாம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. அதனால உங்க சின்ன வயசு எனக்குத் தெரியணும்."

எனக்கு முகம் தொங்கிப்போனது. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். "சின்ன வயசுல நான் நல்லாத்தான் டாக்டர் இருந்தேன். எதையும் தொலைச்சதில்ல. வீட்டுப்பாடம் முடிக்காம ஒரு நாள்கூடப் போனதில்ல. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கப் போனேன் பாருங்க, அப்பதான் கெட்டுப் போனேன்."

என்னைப் பற்றி நான் வைத்திருந்த கதை அதுதான். நல்ல பிள்ளையாக இருந்தவள், கேட்க ஆளில்லை என்றதும் தறிகெட்டுப் போனவள். படிப்பைப் பாதியில் விட்டதற்கும், எந்த வேலையிலும் நிலைக்காமல் மாறியதற்கும், திறந்து கிடக்கும் சோபாக்களுக்கும் அந்த ஒரு கதையே போதுமானதாக இருந்தது. அது உண்மை என்றால் எனக்கு இருப்பது நோயில்லை, குணம். குணத்துக்கு எந்த மருந்துக்கடையில் போய் நிற்பது?

மருத்துவர் தலையை ஆட்டினார். "உங்க ஞாபகத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. அப்ப உங்க கூடவே இருந்த ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அவங்க சொல்றதை வெச்சுத்தான் நான் எந்தப் பக்கம் போறதுன்னு பார்க்கணும்."

கூடவே இருந்தவர் ஒரே ஒருவர்தான். அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"விசாரணையா?" என்றார் அப்பா. "யாரு புகார் குடுத்தது?"

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் கேள்வி கேட்டு இன்னொருவர் எழுதிக்கொண்டால் அவருக்கு அது விசாரணைதான்.

"புகார் ஒண்ணும் இல்லப்பா. நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு டாக்டரம்மாவுக்குத் தெரியணுமாம்."

"எப்படி இருந்த? தங்கமா இருந்த."

"அதைத்தான் வந்து சொல்லணும்."

"சொல்றேன். எந்தக் கோர்ட்ல வேணாலும் வந்து சொல்றேன்."

குறித்த நாளில் கிளம்பிப் போனோம். அப்பா சட்டையைக் கத்தி மாதிரி இஸ்திரி போட்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "உங்களுக்கு நாளைக்குங்க" என்றாள்.

கவனக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வருகிறவள் தேதியைத் தவறவிட்டு வந்து நிற்கிறாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவோ மேஜையில் கையை ஊன்றி, "நீங்கதான் மாத்தி எழுதியிருப்பீங்க. எங்க பாப்பா தேதியெல்லாம் தப்பா சொல்ல மாட்டா" என்று அந்தப் பெண்ணை மடக்கினார். நான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். மறுநாள் திரும்பப் போனபோது அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

காத்திருக்கும் அறையில் அப்பா என் காதருகே குனிந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். நாமளா எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது. முக்கியமா, எதையும் ஒத்துக்காத."

"அப்பா, இது அந்த மாதிரி இல்ல."

"எல்லா விசாரணைக்கும் அப்படித்தான் சொல்லிக் கூப்பிடுவாங்க."

உள்ளே போனதும் மருத்துவர் எழுந்து வணக்கம் சொல்லி அவரை உட்கார வைத்தார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது, இரண்டு கைகளும் முழங்கால் மேல் இருந்தன. நான் ஓரமாக உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் யாரையும் இவ்வளவு நம்பிக் கூட்டி வந்ததில்லை. இவ்வளவு பயந்தும் கூட்டி வந்ததில்லை.

"சின்ன வயசுல இவங்க பொருளை எல்லாம் எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவாங்களா?"

"கிடையாது."

"பேசிட்டிருக்கும்போது காதுல வாங்காத மாதிரி இருப்பாங்களா?"

"இல்லவே இல்ல. சொன்னா கேட்டுக்குவா."

"ஒரு வேலையை ஆரம்பிச்சுப் பாதியில விட்டுடுவாங்களா?"

"எடுத்த வேலையை முடிக்காம எழுந்துக்க மாட்டா டாக்டரம்மா."

"ஸ்கூல்லேருந்து ஏதாவது குறை சொல்லியிருக்காங்களா?"

"ஒரு புகார் கிடையாது. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூட ஒரு பெண்ணை இப்படித் தூக்கி வைத்துப் பேச மாட்டார்கள். அப்பா என்னைப் புகழப் புகழ நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் தையலை நகத்தால் நெருட ஆரம்பித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அவரைத் தெரியும், பொய் சொன்னால் இடது கண் துடிக்கும். துடிக்கவில்லை. மனதார, நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தங்கமாகத்தான் இருந்திருக்கிறேன். பித்தளையானது நானாகத்தான்.

மருத்துவர் பேனாவை மூடினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரிங்க, இவங்களை விட்டுடுவோம். உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க" என்றார். "இவங்க ஸ்கூல் போன காலத்துல உங்களோட ஒரு நாள் எப்படி ஓடும்? எழுந்ததுலேருந்து சொல்லுங்களேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இது கேள்விப்பட்டியலில் இல்லாத கேள்வி. ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்டால் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. முதுகு லேசாகத் தளர்ந்தது.

"எனக்குக் காலையிலேருந்து இருட்டுற வரைக்கும் டூட்டி. விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைச்சுடுவேன். அப்புறம் இவளைக் கிளப்பணும்."

"கிளப்புறதுன்னா?"

"வாசல்ல நின்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே இருப்பேன். பல்லு, முகம், சட்டை, தலை, பை. பஸ்ல ஸ்டாப் பேர் சொல்றோமில்ல, அந்த மாதிரி. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. சொல்லலைன்னா ஒரு கையில சீப்போட நின்னு சுவத்துல போற எறும்பைப் பார்த்துட்டிருப்பா."

"தினமும் சொல்லணுமா?"

"சொல்லாட்டி எப்படி? ஒரு நாள் சீக்கிரம் வண்டி எடுக்கணும்னு நான் முன்னாடியே கிளம்பிட்டேன். அன்னிக்கு ஒத்தைச் செருப்போட ஸ்கூலுக்குப் போயிட்டா."

மருத்துவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேனா எப்போது திறந்தது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் கை ஓடிக்கொண்டிருந்தது. "அப்புறம் அந்தச் செருப்பு?"

"நடுவுல வீட்டுக்கு வந்தப்ப வாசல்ல கிடந்துச்சு, மத்தியான டிரிப்புல கொண்டு போய்க் குடுத்துட்டேன். என் வண்டி அந்த ஸ்கூல் வழியாத்தானே போகும். மத்த நாள்ல இவளை விட்டுட்டு வீட்டுக்கு வந்து ஒரு பார்வை பார்ப்பேன். மேஜை மேல சாப்பாட்டு டப்பா இருக்கும், இல்ல கணக்கு நோட்டு இருக்கும், இல்ல கண்ணாடி இருக்கும். எடுத்து டிக்கெட் பைக்குள்ள போட்டுக்குவேன். மத்தியானம் ஸ்கூல் வாசல்ல வண்டி ஒரு நிமிஷம் நிக்கும்."

"அங்க ஸ்டாப் இருந்துச்சா?"

"ஸ்டாப்பெல்லாம் இல்ல. டிரைவர் நம்ம ஆளு, நிறுத்திடுவான். பாசஞ்சருங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் இறங்க மறந்தாக்கூட, 'என்னங்க, இன்னிக்கு பாப்பா எதையும் விட்டுட்டுப் போகலையா'ன்னு அவங்களே கேப்பாங்க."

"இது எத்தனை நாளைக்கு ஒரு தடவை நடக்கும்?"

"அதை எதுக்குங்க எண்ணிக்கிட்டு. தினமும்தான்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு" என்றார் அப்பா, விட்டுக்கொடுக்காமல்.

மருத்துவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "ஆனா இவங்க எதையும் மறந்ததே இல்லன்னு சொன்னீங்களே?"

"ஆமா. எல்லாம் இவ கைக்கு வந்து சேர்ந்துடுச்சே. அப்புறம் எங்க மறந்தது?"

அந்த மத்தியானங்கள் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தன. சிவப்பு பஸ் வந்து நிற்கும், நான் மைதானத்தைக் கடந்து ஓடுவேன், அப்பா கம்பிக் கதவு வழியாகக் கன்னத்தைத் தட்டி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார், டிரைவர் மாமா ஹார்ன் அடிப்பார். அப்பா என்னைப் பார்க்க வந்தார் என்றுதான் என் ஞாபகத்தில் இருந்தது. அவர் கையில் தினமும் ஏதோ ஒன்று இருந்தது என்பது எப்படியோ ஞாபகத்திலிருந்து உதிர்ந்துபோயிருந்தது.

அப்பாவுக்கு இப்போது வேகம் பிடித்துவிட்டது. எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்ற சட்டத்தை அவரே காற்றில் பறக்கவிட்டிருந்தார். ராத்திரி வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். "நான் தண்ணி குடிக்க எழுந்தா இவளும் எழுந்துடுவா. அதனால சொம்புல தண்ணி பிடிச்சுப் பக்கத்துலயே வெச்சுக்குவேன்." நான் ஒரு வரி எழுதியதும் அவர் "ம்" என்பாராம். அந்த "ம்" வராவிட்டால் அடுத்த வரி வராதாம். பென்சில், ரப்பர் எல்லாம் இரண்டிரண்டாக வாங்கி, ஒரு ஜோடியை அவர் சீருடைப் பையிலேயே வைத்திருப்பாராம். ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைக்க வேண்டாம் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னதும் அவர்தானாம்.

"புகாரே வந்ததில்லன்னு சொன்னீங்க" என்றார் மருத்துவர்.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடி நான் போய்ச் சொல்லிட்டேன். அது எப்படிங்க புகாராகும்?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை.

"ஒரே ரூட்லயே எப்படி இத்தனை வருஷம் ஓடுனீங்க? மாத்த மாட்டாங்களா?"

"மாத்தப் பார்த்தாங்க. டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராப் போகச் சொல்லி ஆர்டரே போட்டாங்க. போனா தினமும் ஒரு ரூட்டு, மத்தியானம் எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது. சரிப்பட்டு வராதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்பா" என்றேன். "ஓடுற வண்டியில இறங்கி ஏறி ஃபைன் போடற வேலை பிடிக்கலைன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

"அதுவும் பிடிக்கல" என்றார் அப்பா. இடது கண் துடித்தது.

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். "மத்தப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு செய்ய வேண்டியிருக்காதேன்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?"

"மத்தப் பிள்ளைங்களை நான் எங்க பார்த்தேன்? எனக்கு இவ ஒருத்திதான். இவ தவழ்ந்துட்டிருக்கும்போதே இவ அம்மா போயிட்டா. பிள்ளை வளர்க்கிறதுன்னா இதுதான்னு நினைச்சுட்டேன்." சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், அப்படி இல்லையா?"

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "ஹாஸ்டலுக்குப் போனதும் என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

சொன்னேன். முதல் வாரமே அறைச் சாவியைத் தொலைத்தது. வகுப்புக்குக் கிளம்பி, வழியில் யாரோ கதவுக்குச் சாயம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. எழுதி முடித்த கட்டுரையைக் கொடுக்க மறந்தது. பரீட்சை எந்தக் கட்டடத்தில் என்று தெரியாமல் தவறான கட்டடத்தில் உட்கார்ந்திருந்தது. அப்போதெல்லாம் எனக்குள் ஒரே குரல்தான்: திமிர், கேட்க ஆளில்லாத திமிர்.

"நீங்க அங்க போய்க் கெட்டுப் போகலை" என்றார் மருத்துவர். "அங்க உங்க அப்பா இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு அவர் விளக்கமாகச் சொன்னார். கவனக் குறைபாடு சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது. சோதனைகள் காட்டியதும் நான் சொன்னதும் அப்பா சொன்னதும் ஒரே திசையில்தான் போகின்றன. மன அழுத்தம் பின்னால் வந்தது, அதற்கான மாத்திரை தொடரும். இதற்குத் தனியாக மருந்து உண்டு, பழக்கங்களும் உண்டு. நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வது, ஒன்று முடிந்தால் அடுத்ததைச் சொல்லிக்கொள்வது, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு வேலை செய்வது. "இதையெல்லாம் சொல்லிக் குடுக்கிறதுக்குத் தனியா ஆள் வெச்சிருக்கோம்" என்றார். "உங்க அப்பா படிக்காமலே செஞ்சிருக்கார்."

சோம்பேறி இல்லை. அந்த வார்த்தையை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். தோளில் கட்டியிருந்த ஒன்றை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அப்பா முகம் சுருங்கிப்போயிருந்தது. கைகள் திரும்ப முழங்காலுக்குப் போயிருந்தன. "டாக்டரம்மா, அப்ப நான்தான் இதை மறைச்சுட்டேனா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் பாட்டுக்கு வண்டியை நிறுத்தி நிறுத்திக் குடுத்துட்டேன். குடுக்காம இருந்திருந்தா அப்பவே யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. இவ இப்படிக் கட்டில்ல கிடந்திருக்க மாட்டா."

இல்லப்பா என்று சொல்ல வாயெடுத்தேன், மருத்துவர் முந்திக்கொண்டார்.

"அந்தக் காலத்துல யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க" என்றார். "பெண் பிள்ளைன்னா இன்னும் மோசம். கவனமில்லாதவ, திமிர் பிடிச்சவன்னு பேர் வெச்சு ஒரு ஓரமா உக்கார வெச்சிருப்பாங்க. இவங்க தன்னையே திட்டிக்க ஆரம்பிச்சது ஹாஸ்டல்லதான். நீங்க இல்லன்னா அஞ்சு வயசுலயே ஆரம்பிச்சிருப்பாங்க. நீங்க மறைக்கலை. தாங்கிப் பிடிச்சிருக்கீங்க."

அப்பா அதை நம்பலாமா வேண்டாமா என்பது போல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு மாதிரித் தாளிலிருந்து எதையாவது வாசித்துக் காட்டுவார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. பிறகு மெல்லத் தலையசைத்தார்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி" என்றார் மருத்துவர். "வீட்டுல இதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு நான் எழுதணும். தினமும் இப்படி ஏதாவது ஒண்ணை மறந்துட்டுப் போறாங்களே, உங்களுக்குக் கோபம் வராதா? எரிச்சலாவது?"

நான் தரையைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்ஸ்பெக்டர் பதவியைத் தின்றவள் நான். ஒரு மனிதன் எத்தனை தடவை ஓடுகிற வண்டியை நிறுத்தி இறங்குவான்?

அப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கோபமா? எதுக்குங்க கோபம்?" என்றார். "விடிஞ்சா ஸ்கூலுக்குப் போயிடுவா. நான் வண்டியில போயிடுவேன். மறுபடி இவளைப் பார்க்கிறதுக்கு இருட்டிடும். இவ எதையாவது வெச்சுட்டுப் போனாத்தானே எனக்கு மத்தியானம் ஒரு தடவை இவ முகத்தைப் பார்க்க முடியும்."

மருத்துவர் முதல் தடவையாகக் குனிந்து தாளைப் பார்த்து எழுதினார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

நான் அழுதேன். மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாகவே அழுதேன். கட்டிலில் கிடந்தபோது வந்த அழுகை இல்லை இது. அப்பா பதறிப்போய் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"என்ன பாப்பா? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லப்பா" என்றேன். "இத்தனை வருஷமா அதுக்குத்தான் வெட்கப்பட்டுட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"மறந்ததுக்கு."

அப்பா என்னை ஏதோ புரியாத பாஷை பேசுகிறவளைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு குனிந்து என் கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "அசடு" என்றார். "சில நாள் நீ ஒண்ணுமே விடாம எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவ. அன்னிக்கு நானே உன் பையிலேருந்து ரப்பரை எடுத்து வெச்சுக்குவேன்."